என் எண்ணெய் பாட்டிலில் 'எஸ்பிஎஃப் 40' என்று எழுதலாமா?

கொங்குப் பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். இரண்டு வருடமாக இவர் தனியாக ஒரு முகத்தைலமும் செய்கிறார். செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அடிப்படை. அதில் ஆன்லைனில் வாங்கிய கேரட் விதை எண்ணெய், ராஸ்பெரி விதை எண்ணெய், கொஞ்சம் புங்க எண்ணெய். "ராஸ்பெரிக்கு எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 28 முதல் 50 வரை, கேரட் விதைக்கு 38 முதல் 40 வரை இருக்கிறது என்று பல இடங்களில் படித்தேன். அதனால் 'இயற்கை சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 40' என்று லேபிள் அடித்தேன்" என்கிறார். வாட்ஸ்அப் வழியாக இருநூறு பேர் வரை வாங்குகிறார்கள்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்து அழுதிருக்கிறார். பள்ளி ஆசிரியை, தினமும் ஸ்கூட்டரில் போய்வருபவர், கன்னத்தில் மங்கு இருக்கிறது. தோல் மருத்துவர் கொடுத்த சன்ஸ்கிரீனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் இந்தத் தைலத்தை மட்டும் பூசியிருக்கிறார். மங்கு முன்பைவிடக் கருத்துப் பரவிவிட்டது. "நானும் அதே தைலத்தைத்தான் பூசுகிறேன். எனக்கு எரியவும் இல்லை, சிவக்கவும் இல்லை. அவருக்கு மட்டும் ஏன் இப்படி? என் எண்ணெய்தான் காரணமா? இதில் ஜிங்க் ஆக்சைடு பொடி கலந்தால் சரியாகிவிடுமா? கார்போகரிசி சேர்த்தால் நிறம் கூடும் என்கிறார்களே, சேர்க்கலாமா? ஓட்டப் பந்தயப் பயிற்சிக்குப் போகும் என் 11 வயது மகளுக்குக் கடை சன்ஸ்கிரீன் பூசப் பயமாக இருக்கிறது, ரத்தத்தில் கலக்குமாமே?" என்று கேட்கிறார். உணவு எண்ணெய்க்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருப்பதால் தைலத்துக்கும் அதுவே போதும் என்றும் நம்புகிறார்.

அன்புள்ள சகோதரி,

நடந்ததை மறைக்காமல், ஆசிரியை அழுததையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். உங்கள் தைலம் வெயிலைத் தடுக்காது. அது நல்ல எண்ணெயாக இருக்கலாம், தோலுக்கு மென்மை தரலாம். ஆனால் எஸ்பிஎஃப் 40 என்ற அந்த எண்ணை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது எப்படித் தவறாக உங்களிடம் வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தவறு உங்களிடமிருந்து தொடங்கவில்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது

ராஸ்பெரி கதையின் தொடக்கம் 2000-ல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. ராஸ்பெரி விதை எண்ணெய் வழியாகப் புற ஊதா ஒளி எவ்வளவு கடந்து போகிறது என்று கருவியில் அளந்தார்கள். கிடைத்த கோட்டை டைட்டானியம் டையாக்ஸைடு கலந்த தயாரிப்புகளின் கோட்டோடு ஒப்பிட்டார்கள். 28 முதல் 50 என்பது அந்த டைட்டானியம் தயாரிப்புகளின் எஸ்பிஎஃப். எண்ணெயை யார் தோலிலும் பூசி அந்த எண்ணை எடுக்கவில்லை. கட்டுரையிலிருந்து வலைப்பதிவு, அதிலிருந்து விற்பனைப் பக்கம் என்று கைமாறியபோது ஒப்பீடு உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டது.

கேரட் விதை எண்ணெயின் 38, 40 கதையும் இதே மாதிரிதான். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2009-ஆம் ஆண்டு இந்திய ஆய்வு, பல மூலிகைகளும் வேறு பொருள்களும் சேர்ந்த முழு சன்ஸ்கிரீன் தயாரிப்புகளைச் சோதித்தது. கேரட் விதை எண்ணெயைத் தனியாக எடுத்துச் சோதிக்கவில்லை. ஒரு குழம்பின் ருசியை அதில் போட்ட வெந்தயத்துக்கு மட்டும் எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

எண்ணெய்களைத் தனித்தனியாக எடுத்துச் செய்த ஆய்வும் உண்டு. 2010-ல் ராய்ப்பூரில் செய்தது. ஆலிவ், தேங்காய் எண்ணெய்களுக்கு 7 சொச்சம், ஆமணக்கு எண்ணெய்க்கு 5 சொச்சம் வந்தது. உங்கள் தைலத்துக்கு அடிப்படையான நல்லெண்ணெய்க்கு 2-கூட வரவில்லை. இந்தச் சிறிய எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே எண்ணெயை எத்தனாலில் கரைத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒளியை ஊடுருவ விட்டார்கள். குழாயில் திரவம் சீராக நிற்கும். முகத்தில் அப்படி நிற்காது. ஒரு டம்ளர் கடுங்காப்பி கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். அதையே ஒரு பெரிய தட்டில் ஊற்றிப் பரப்பிப் பாருங்கள், தட்டின் வெள்ளை தெரியும். தோலில் மேடு, பள்ளம், மயிர்க்கால் என்று ஆயிரம் இருக்கிறது. எண்ணெய் பள்ளத்துக்கு வழிந்து மேட்டை வெறுமையாக விட்டுவிடும், கொஞ்சம் உள்ளே இறங்கும், மீதி வியர்வையோடு கைக்குட்டைக்குப் போய்விடும்.

உண்மையான எஸ்பிஎஃப் சோதனை மனிதர்களிடம் நடப்பது. குறைந்தது 10 பேரின் முதுகில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி, விளக்கொளி காட்டி, பூசிய இடமும் பூசாத இடமும் எந்த அளவு ஒளியில் சிவக்கின்றன என்று பார்ப்பார்கள். வீட்டுக் கணக்கிலோ, சேர்த்த எண்ணெய்களின் எண்களைக் கூட்டிச் சராசரி போட்டோ இதைச் சொல்ல முடியாது.

இந்த எண்ணால் வரும் ஆபத்தையும் பாருங்கள். எஸ்பிஎஃப் 40 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் நாற்பதில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகிறது என்று பொருள். எஸ்பிஎஃப் 2 என்றால் பாதி போகிறது. 40-ஐ நம்பி வெயிலில் நிற்பவர், தான் நினைப்பதைவிட இருபது மடங்கு கதிரை வாங்கிக்கொண்டிருப்பார். லேபிளில் ஒன்றுமே இல்லாவிட்டால் அவர் குடை பிடித்திருப்பார், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருப்பார். நம்பிக்கை வந்ததும் அதையெல்லாம் விட்டுவிடுகிறார். உங்கள் ஆசிரியைக்கு நடந்ததும் அதுதான்.

"எனக்கு எரியவில்லையே, சிவக்கவில்லையே" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோல் மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். நம் தோல் எளிதில் சிவக்காது. 1979-ல் அமெரிக்காவில் அளந்தபோது கறுப்பினத்தவரின் மேல்தோலுக்கு இயல்பாகவே 13 சொச்சமும், வெள்ளையரின் மேல்தோலுக்கு 3 சொச்சமும் பாதுகாப்பு எண் வந்தது. நாம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். அதாவது உங்களைக் காப்பாற்றியது தோலுக்கு நிறம் தரும் உங்கள் மெலனின், தைலம் இல்லை. சிவப்பை உண்டாக்குவது பெரும்பாலும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிர். கருமை, மங்கு, சுருக்கம் இவற்றில் யுவி-ஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அது எரிச்சல் எதுவும் காட்டாமல் உள்ளே இறங்கும், ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தாண்டி வரும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருமையைத் தூண்டும். அதனால் 'எரியவில்லை' என்பதை வைத்து எந்தத் தைலத்தையும் மதிப்பிட வேண்டாம்.

அப்படியென்றால் விதை எண்ணெயில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதை மதித்தே பேசுகிறேன். உங்கள் செக்கில் ஆட்டும் நல்லெண்ணெய் மற்ற பல எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் காறுவதில்லை என்று உங்களுக்கே தெரியும். அதிலுள்ள சீசமோல் போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள்தான் காரணம். தவிட்டு எண்ணெயில் இருக்கும் ஒரைசனால் யுவி-பி கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும். புங்க விதையில் பொங்கமால் என்ற பொருள் இருக்கிறது, அது யுவி-ஏ கதிரை உறிஞ்சக்கூடியது. அந்தப் பெயரே நம் புங்க மரத்திலிருந்து போனதுதான், எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் பிரித்தெடுத்த பொங்கமால் வேறு, செக்கில் ஆட்டிய புங்க எண்ணெய் வேறு. பின்னதில் அது சொற்பமாகவே இருக்கும், கூடவே கசப்பும் நெடியும் சிலருக்குத் தோல் எரிச்சலும் வரும். இந்தப் பொருள்கள் எல்லாம் நன்றாகச் செய்த சன்ஸ்கிரீனுக்குத் துணையாக நிற்கக்கூடியவை. தனியாக நின்று வெயிலைத் தாங்காது.

ராஸ்பெரி எண்ணெயைப் பற்றி இன்னொன்று. அதில் லினோலெயிக், லினோலெனிக் என்ற கொழுப்பு அமிலங்கள் மிக அதிகம். வெளிச்சமும் சூடும் பட்டால் இவை வேகமாகக் காறும், காறிய எண்ணெய் தோலை உறுத்தும். வெயிலில் பூசிக்கொண்டு நிற்பதற்கென்றே விற்கும் எண்ணெய் வெயிலில் முதலில் கெடுகிற எண்ணெயாக இருப்பதை யோசித்துப் பாருங்கள். கேரட் விதை எண்ணெய் என்று வாங்கியதையும் ஒருமுறை பாருங்கள். 10 மில்லி, 15 மில்லி குப்பியில் கடும் வாசனையோடு வருவது ஆவியில் வடித்த தைலம், அதை நீர்க்காமல் முகத்தில் தொடவே கூடாது. கேரட்டைத் துருவித் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி எடுக்கும் ஆரஞ்சு எண்ணெய் வேறொரு வகை. அதில் இருப்பது நிறம்தான், கவசம் இல்லை.

கார்போகரிசியை மட்டும் தொடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதற வைத்தது இந்த ஒரு வரிதான். கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் சோரலென் இருக்கும்போது யுவி-ஏ பட்டால் தோல் பல மடங்கு கூடுதலாக எதிர்வினை காட்டும். வெண்புள்ளிக்கு நாங்கள் இந்தக் குணத்தைத்தான் மருந்தாகப் பயன்படுத்துகிறோம். அதுவும் அளந்து, நிமிடக் கணக்கில் ஒளி காட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு. அளவு தவறினால் கொப்புளம் வரும். கொப்புளம் ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருமை நிற்கும். குளியல் பொடியில் பிடியளவு சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிடுவது ஒன்று. எண்ணெயில் ஊறவைத்து, முகத்தில் பூசி, ஸ்கூட்டரில் பள்ளிக்கு அனுப்புவது முற்றிலும் வேறு.

எலுமிச்சை, பெர்கமாட் போன்ற பழங்களின் தோலைப் பிழிந்து எடுத்த வாசனை எண்ணெய்களிலும் இதே குடும்பப் பொருள்கள் உண்டு. வாசனைக்காக அவற்றைச் சேர்த்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். விதையும் மரமும் பூவும் தரும் பொருள் என்பதாலேயே அது வெயிலுக்கு நண்பன் ஆகிவிடாது.

ஜிங்க் ஆக்சைடு பொடி விஷயம். பொருள் நல்லதுதான், நானே பரிந்துரைக்கும் பல சன்ஸ்கிரீன்களில் அது உண்டு. ஆனால் பொடியை எண்ணெயில் கொட்டிக் கரண்டியால் கலக்கினால் அது கட்டிகட்டியாகத் திரளும், பாட்டிலின் அடியில் தங்கும். பூசும்போது ஓர் இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரியும் பக்கத்து இடத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். துகளைப் பூச்சு கொடுத்துப் பிரித்து, இயந்திரத்தில் சீராகப் பரப்பி, பிறகு மனிதத் தோலில் சோதித்தால்தான் அதற்கு ஒரு எண் கிடைக்கும். பொடி காற்றில் பறந்து உங்கள் மூச்சில் போவதும் நல்லதில்லை. வேண்டாம்.

மகளுக்கு

ரத்தத்தில் கலக்கிறது என்ற பயம் வெறும் வதந்தி இல்லை. 2019-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 24 பேரிடம் செய்த ஆய்வில், கதிரைத் தடுக்க சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கண்டறியப்பட்டன. ஆனால் அவர்கள் உடம்பில் முக்கால் பங்குக்கு, ஒரு நாளைக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசினார்கள். ரத்தத்தில் இருக்கிறது என்பது மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான காரணம். தீங்கு நடந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சன்ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லி அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. உங்களுக்கு மனது ஒப்பவில்லை என்றால் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு மட்டும் உள்ள சன்ஸ்கிரீனை வாங்குங்கள். அவை தோலின் மேலேயே தங்குகின்றன. குழந்தைகளுக்கு நானும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், யுவி-ஏ தடுப்பைக் குறிக்கும் பிஏ+++ என்று இருப்பதாகப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். சொட்டு வைத்துத் தேய்ப்பது போதாது. மைதானத்துக்குப் போகுமுன் கால் மணி நேரத்துக்கு முன் பூசி, இரண்டு மணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இதைவிட முக்கியம் உடை. முழுக்கை ஜெர்சி, முன்பக்கம் நீண்ட தொப்பி, ஓடாத நேரத்தில் மர நிழல். ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் உச்சிவேளைப் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். பயிற்சியாளரிடம் பேசி 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்கு மேலோ பயிற்சியை வைக்க முடியுமா என்று கேளுங்கள், ஒரு குழந்தைக்குக் கேட்டது மற்ற குழந்தைகளுக்கும் கிடைக்கும். ஓடுவதற்கு முன் எண்ணெய் பூச வேண்டாம். வியர்வை வழி அடைத்து வேர்க்குரு வரும், நெற்றியில் பரு வரும். இரவு குளித்த பின் கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசுங்கள், அதற்கு அது அருமையான எண்ணெய்.

பாட்டிலும் சட்டமும்

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் தோல் பொருள்கள் செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதைத் தெரிந்துவைத்திருக்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு சாப்பிடும் பொருளுக்கு மட்டும். தோலில் பூசுவதற்காக விற்பது இந்தியாவில் அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளும் அதற்குப் பொருந்தும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும், விற்பனைக்கு என்றால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். சன்ஸ்கிரீனும் இங்கே இதே பிரிவில்தான் வருகிறது. லேபிளில் பொய்யான, தவறாக வழிநடத்தும் விவரம் இருந்தால் அது தனிக் குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது உங்கள் மனசாட்சிக்கு ஆறுதலாகலாம், லேபிளுக்கு ஆகாது.

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தைலத்தை அடியோடு நிறுத்திவிட்டுச் செக்கு எண்ணெயை மட்டும் விற்கலாம். அல்லது உரிமம் வாங்கி, எண் எதுவும் போடாமல், உடலுக்குப் பூசும் எண்ணெயாக மட்டும் விற்கலாம். மூன்றாவது, நிஜமான சன்ஸ்கிரீன்தான் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தால், உரிமம் பெற்ற ஒரு ஒப்பந்த உற்பத்தியாளரிடம் செய்து, சோதனைக்கூட அறிக்கை வாங்கி விற்கலாம். மூன்றாவதற்குப் பணம் நிறைய ஆகும். கடன் வாங்கி அதில் இறங்க வேண்டாம். இப்போது இரண்டாவது வழிதான் உங்களுக்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. உரிமம் கையில் வரும்வரை தைல விற்பனையை நிறுத்திவையுங்கள். மாவட்டத்திலுள்ள மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், என்னென்ன தேவை என்று சொல்வார்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்புவது கஷ்டமான வேலை என்று தெரியும். வார்த்தை வரவில்லை என்றால் இப்படி அனுப்பலாம்: "நான் விற்ற முகத்தைலத்தில் எஸ்பிஎஃப் 40 என்று போட்டிருந்தேன். அது சோதிக்கப்பட்ட எண் இல்லை, தவறு. வெயிலில் போகும்போது அதை நம்ப வேண்டாம். மருத்துவர் கொடுத்த சன்ஸ்கிரீனை யாராவது நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். பாட்டிலைத் திருப்பித் தர விரும்புகிறவர்களுக்குப் பணம் தருகிறேன்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சிலர் கோபப்படுவார்கள், சிலர் போய்விடுவார்கள். செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் உங்களோடு இருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக அந்த ஆசிரியை. "என் எண்ணெய்தான் காரணமா?" என்று கேட்டீர்கள். மங்கு கருக்கப் பல காரணங்கள் உண்டு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு, வெயில், வெளிச்சம், வெக்கை. உங்கள் தைலம் நேரடியாக மங்கை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சன்ஸ்கிரீனை நிறுத்தியதற்கு உங்கள் லேபிள் காரணம், மூன்று மாத வெயில் அந்தக் கன்னத்தில் பாதுகாப்பில்லாமல் விழுந்தது. இதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஈடுசெய்கிறேன் என்று வேறொரு எண்ணெயையோ பொடியையோ கொடுக்காதீர்கள். முக்கியமாக, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் 'ஸ்கின் கிரீம்' எதையும் வாங்கிப் பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பூசுவதை நிறுத்தினால் எரியும் நிலைக்கு வந்துவிடும். பழைய மருந்துச் சீட்டோடு தன் மருத்துவரிடமே அவர் திரும்பிப் போகட்டும், நடுவில் எண்ணெய் பூசியதையும் மறைக்காமல் சொல்லட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். மங்குக்கு அது கூடுதல் உதவி, அதைப் பற்றியும் கேட்கட்டும். ஸ்கூட்டரில் போகும்போது முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட், அதற்குள் பருத்தித் துணி. கருமை குறையச் சில மாதங்கள் ஆகும், அவசரப்பட வேண்டாம். போகும்போது அவர் வாங்கிய மூன்று மாத பாட்டில்களுக்கான பணத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.